நேர்மைக்கு ஒரு செலவு இருக்கு, அத யாரும் சொல்றதில்ல

தொழில்ல நேர்மையா இருந்தா தானா வளர்ந்துடலாம்னு யாராவது பதிவு போட்டா எனக்கு சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வருது. சொல்றது பொய்யின்னு இல்ல, பாதிய முழுங்கிட்டு சொல்றாங்க, அதான் பிரச்சனை. "இவ்ளோ பெரிய மாடல் உங்களுக்கு வேணாங்க, சின்னதே போதும்"னு கஸ்டமர்கிட்ட உண்மைய சொன்னா பெரிய பில்லா ஆக வேண்டியது சின்ன பில்லா போயிடும். பழுதான சரக்க மறுபேச்சு இல்லாம திரும்ப வாங்கிக்கிட்டா அந்த மாசக் கணக்குல துண்டு விழும். இதெல்லாம் உடனே, கண்ணு முன்னாடியே கையவிட்டுப் போற காசு. நம்பிக்கையால வர்ற லாபம் இருக்கே, அது எப்ப வரும்னும் தெரியாது, வந்தாலும் எந்த பில்லுல ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னு எந்த அக்கவுண்டண்டாலயும் சொல்ல முடியாது. அதனாலதான் பல பேர் மேடையில ஒண்ணு பேசிட்டு கல்லாப்பெட்டிகிட்ட போனதும் வேற ஆளா மாறிடுறாங்க. அவங்கல்லாம் கெட்டவங்கன்னு நான் நினைக்கல. அன்னிக்கு அவங்க போட்ட கணக்கு அப்படி.

நான் பார்த்தவரைக்கும் ரொம்ப வருஷம் நின்னு நிலைக்கிற பிசினஸ்ல ஒரு விஷயம் பொதுவா இருக்கு. நேர்மையா இருக்குறதுக்கு இவ்ளோ ஆகும்னு வாடகை, கரண்ட் பில், சம்பளத்தோட சேர்த்து முன்னாடியே மனசுல எழுதி வச்சுக்கிட்டவங்க அவங்க. அப்படி எழுதி வைக்காதவங்களுக்கு ஒவ்வொரு கம்ப்ளெய்ண்ட்டும் புதுசா வந்த அடி மாதிரி தெரியும், ஒவ்வொரு தடவையும் மனசோட சண்டை போடணும், பத்து தடவ போட்டா ரெண்டு தடவ தோத்துடுவாங்க, அந்த ரெண்டத்தான் ஊரு பேசும்.

இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் டைலெனால்ங்குற வலி மாத்திரையோட கதை. ஆனா பாதிப் பேர் அத ஏதோ விளம்பர உத்தி மாதிரி சொல்லிட்டுப் போறாங்க. 1982ல அமெரிக்காவுல சிகாகோ பக்கம் 7 பேர் செத்துப் போனாங்க. கடையில இருந்த டைலெனால் கேப்ஸ்யூல்ல எவனோ சயனைடு கலந்து வச்சிருக்கான். தயாரிச்ச ஜான்சன் அண்ட் ஜான்சன் தொழிற்சாலையில தப்பு எதுவும் நடக்கல, இன்னிக்கு வரைக்கும் கொலைகாரன் யாருன்னு நிரூபணம் ஆகவும் இல்ல. "எங்க மேல தப்பில்ல, போலீஸ் பார்த்துக்கும்"னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். ஆனா அவங்க நாடு பூரா இருந்த சுமார் 3.1 கோடி பாட்டில திரும்ப எடுத்தாங்க, செலவு 10 கோடி டாலருக்கு மேல. மார்க்கெட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வச்சிருந்த பிராண்ட் பத்து சதவீதத்துக்கும் கீழ விழுந்துச்சு. அப்புறம் பிரிச்சா தெரியுற மாதிரி சீல் வச்ச பாட்டில கொண்டு வந்தாங்க, ஒரு வருஷத்துக்குள்ள இழந்ததுல பெரும்பகுதி திரும்ப வந்துச்சு. இன்னிக்கு நாம எந்த மருந்து பாட்டில திறந்தாலும் மூடிக்கு அடியில ஒரு சீல கிழிக்கிறோமே, அது பரவுனதுக்கு அந்த சம்பவம் ஒரு முக்கியமான காரணம்.

ஆனா இங்கயே இன்னொண்ணும் சொல்லணும். அதே கம்பெனி மேல பின்னாடி டால்கம் பவுடரால கேன்சர் வந்துச்சுன்னு பல்லாயிரம் வழக்கு வந்துச்சு. பவுடர் பாதுகாப்பானதுதான்னு கம்பெனி தொடர்ந்து சொல்லிட்டு வருது, இருந்தாலும் 2020ல அமெரிக்கா, கனடாவுலயும் 2023ல உலகம் முழுக்கவும் அந்த டால்க் பவுடர் விற்பனைய நிறுத்திட்டாங்க. 1982ல சேர்த்து வச்ச நல்ல பேர் 2020ல கை குடுக்கல. அப்ப நல்லது பண்ணினவங்கதானேன்னு கோர்ட்டுல வந்து நிக்கிற யாரும் விட்டுக்குடுக்கப் போறதில்ல. சம்பாதிச்சு வச்ச நம்பிக்கைய பரம்பரைச் சொத்து மாதிரி பின்னாடி வர்றவன் உக்காந்து சாப்பிட முடியாது.

சரி, நேர்மை எங்க உடையுது? முதலாளி ராத்திரி உக்காந்து "நாளையில இருந்து ஏமாத்துவோம்"னு முடிவு பண்றது ரொம்ப அபூர்வம். எனக்குத் தெரிஞ்சு அது பெரும்பாலும் டார்கெட்ல உடையுது. இதுக்கு அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க்கவிட நல்ல பாடம் கிடையாது. 1852ல ஆரம்பிச்ச பேங்க், அவ்ளோ பழசு. ஒவ்வொரு கஸ்டமருக்கும் எட்டு கணக்கோ கார்டோ வித்தாகணும்னு ஒரு குறிக்கோள் வச்சாங்க. ஏன் எட்டு? இங்கிலீஷ்ல 'எய்ட்'னு சொன்னா 'கிரேட்'டோட ஓசை ஒத்து வருதாம், அவ்ளோதான். கீழ கவுண்டர்ல நிக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் தினமும் அந்த நம்பர எட்டலன்னா திட்டு, வேலை போயிடுங்குற பயம். எத்தன பேருக்குதான் எட்டு கணக்கு தேவைப்படும்? கடைசியில கஸ்டமருக்கே தெரியாம அவங்க பேர்ல கணக்கு திறக்க ஆரம்பிச்சாங்க. 2016ல விஷயம் பெருசா வெடிச்சப்ப சுமார் 20 லட்சம் கணக்குன்னு சொன்னாங்க, அடுத்த வருஷமே அது 35 லட்சமா ஏறுச்சு. முதல் அபராதம் 18.5 கோடி டாலர், அப்புறம் 2020ல 300 கோடி டாலர். அதவிடப் பெரிய தண்டனை 2018ல வந்துச்சு, அமெரிக்க மத்திய வங்கி இதுக்கு மேல நீ வளரக்கூடாதுன்னு சொத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டுடுச்சு, அத எடுக்க 2025 ஆயிடுச்சு. ஏழு வருஷம் கை கட்டிப் போட்ட மாதிரி.

இதுல என்னை உறுத்துறது என்னன்னா சுமார் 5,300 ஊழியர்கள வேலைய விட்டு தூக்கினாங்க, அதுல பாதிக்கு மேல டார்கெட்டுக்கு பயந்து செஞ்ச சாதாரண ஆளுங்களா இருக்கும்னு நினைக்கிறேன். எட்டுங்குற நம்பர யோசிச்சவனுக்கு கவுண்டர்ல நிக்கிற வேதனை தெரியாது. நானும் விற்பனைப் பக்கம் வேலை பார்த்தவன்ங்கறதால சொல்றேன், மாசக் கடைசி மூணு நாள்ல ஒரு சேல்ஸ்மேன் சொல்றத கஸ்டமர் அப்படியே நம்பக்கூடாது. அந்த ஆளு மோசமானவன்னு இல்ல, அந்த மூணு நாள்ல அவனோட இன்சென்டிவ் தான் வாயத் திறந்து பேசும். தேவையில்லாத நீட்டிப்பு வாரண்ட்டிய வயசானவங்க தலையில கட்டுறத பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன், கட்டினவனுக்கு அன்னிக்கு சாயந்தரம் கைதட்டல் வேற. அங்க சுவத்துல 'வாடிக்கையாளரே எங்கள் முதல்'னு போர்டு மாட்டியிருக்கும். ஸ்டாஃப் அந்த போர்ட பார்க்குறதில்ல, யாருக்கு கைதட்டுறாங்கன்னுதான் பார்க்குறாங்க.

அப்புறம் சில பேர் கேப்பாங்க, ஏமாத்துறவன் கூட நல்லாத்தானே இருக்கான்னு. ஆமா, இருக்கான். இத மழுப்ப விரும்பல. ஜார்ஜ் அக்கர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் இதப் பத்தி எழுதினாரு, மூணு ஆய்விதழ்ல வேணாம்னு திருப்பி அனுப்பினாங்க, 1970லதான் வெளியாச்சு, கடைசியில அந்த வழியில செஞ்ச ஆய்வுக்காகத்தான் 2001ல நோபல் பரிசுல அவருக்கும் பங்கு கிடைச்சுச்சு. அவர் எடுத்துக்கிட்டது பழைய கார் சந்தை. வண்டி நல்லதா ஓட்டையான்னு விக்கிறவனுக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எல்லா வண்டிக்கும் நடுத்தரமா ஒரு விலைதான் சொல்லுவான். நல்ல வண்டி வச்சிருக்கிறவனுக்கு அந்த விலை கட்டாது, விலகிப் போயிடுவான். மிஞ்சுறது ஓட்டை வண்டிங்க மட்டும்தான். அதாவது வாங்குறவனால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத சந்தையில நேர்மையானவன்தான் முதல்ல வெளிய போறான்.

நேர்மையா இருந்தும் தொழில் ஓடலன்னு புலம்புறவங்க நிறைய பேர் இந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்கன்னு நினைக்கிறேன். மனசுக்குள்ள நேர்மையா இருந்தா கஸ்டமருக்கு எப்படித் தெரியும்? அவர் நம்பி ஏமாந்த ஆளுங்க எல்லாரும் இதே சிரிப்போட இதே வார்த்தையத்தானே சொல்லியிருப்பாங்க. அதனால வெளிய தெரியுற மாதிரி, நம்ம கைய நாமளே கட்டிக்கிற மாதிரி ஏதாவது செய்யணும். எழுத்துல குடுக்குற வாரண்ட்டி, பிடிக்கலன்னா கேள்வி கேக்காம பணம் திரும்பன்னு ஒரு விதி, கழட்டுன பழைய பார்ட்ட கஸ்டமர் கையிலயே குடுக்குறது, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மதிப்பீட்ட எழுதிக் குடுத்து அதுக்கு மேல ஆனா போன் பண்ணி கேட்டுட்டுத் தொடர்றது. ஏமாத்த நினைக்கிறவனால இதெல்லாம் செஞ்சு தாக்குப்பிடிக்க முடியாது, அவனுக்கு செலவு கட்டாது. அங்கதான் கஸ்டமருக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். ஆன்லைன்ல ஸ்டார், ரிவ்யூ எல்லாம் வந்ததும் இதுக்காகத்தான். முகம் தெரியாத ரெண்டு பேர் நம்பி வாங்கி விக்கணுமேன்னு ஈபேங்குற ஆன்லைன் சந்தை 1996லயே ஒருத்தர ஒருத்தர் மதிப்பிடுற முறைய கொண்டு வந்துச்சு. அதுலயும் போலி ரிவ்யூ காசுக்கு வாங்குற கூட்டம் புகுந்து, அமெரிக்காவுல 2024ல அதுக்குத் தனியா தடை விதியே போட வேண்டியதாயிடுச்சு, அது வேற கதை.

சர்வீஸ் விஷயத்துக்கு வர்றேன். பொருள் பழுதாகுறதால கஸ்டமர் போறது கம்மி, பழுதான அப்புறம் நாம நடந்துக்குற விதத்தால போறவங்கதான் அதிகம். லெக்சஸ்ங்குற சொகுசு கார் பிராண்ட டொயோட்டா 1989ல அமெரிக்காவுல இறக்கி மூணு மாசம்கூட முடியல, ஒண்ணு ரெண்டு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு. பிரேக் லைட்டும், வேகத்த ஒரே அளவுல தானா வச்சுக்கிற க்ரூஸ் கன்ட்ரோலும். புது பிராண்ட், வாய மூடிக்கிட்டு வர்ற வண்டிய மட்டும் சரி பண்ணிக் குடுத்திருக்கலாம். அதுவரைக்கும் வித்த சுமார் 8,000 வண்டியையும் சரி பண்ணித் தர்றோம்னு ரீகால் பண்ணினாங்க. வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டிய எடுத்துட்டுப் போய் சரி பண்ணி, கழுவி, டேங்க்ல எரிபொருளையும் நிரப்பி திருப்பி விட்டாங்க. மானம் போயிருக்க வேண்டிய இடத்துல பேர் வாங்கிட்டாங்க. இதே மாதிரி ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்ல ஒரு விருந்தினரோட பிரச்சனைய தீர்க்க எந்த ஊழியரும் 2,000 டாலர் வரைக்கும் மேனேஜர கேக்காமலே செலவு பண்ணலாம்னு ஒரு விதி. அந்தத் தொகைய பார்த்து மலைச்சுப் போக வேணாம், பெரும்பாலும் அவ்ளோ தேவைப்படப் போறதும் இல்ல. 'கேக்காமலே'ங்குறதுதான் இதுல பெரிய விஷயம். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த "மேல கேட்டுட்டு சொல்றேன் சார்" இருக்கே, அத மூணாவது தடவ கேக்கும்போதே கஸ்டமர் மனசளவுல கிளம்பிட்டாரு.

இன்னொரு பழக்கம் பெரிய கம்பெனிங்ககிட்ட ஆரம்பிச்சு இப்ப எல்லா ஆப்லயும் வந்துடுச்சு. சேரும்போது ஒரே பட்டன், விலகணும்னா ஏழெட்டுப் பக்கம் சுத்த விடுறது. அமேசானோட ப்ரைம்ங்குற கட்டண சந்தா திட்டத்துல சம்மதம் இல்லாம ஆளுங்கள சேர்த்து விலகவும் விடாம கஷ்டப்படுத்தினாங்கன்னு அமெரிக்க அரசு அமைப்பு 2023ல வழக்கு போட்டுச்சு. அமேசான் குற்றச்சாட்ட ஒத்துக்கல, ஆனா 2025ல 250 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு, அதுல 150 கோடி கஸ்டமர்களுக்கே திரும்பக் குடுக்கணும்னு முடிவாச்சு. வெளிய போற கதவ பூட்டி வச்சு கஸ்டமர் எண்ணிக்கைய காட்டுறவங்கள பார்த்தா எனக்கு சிரிப்புதான் வரும். உள்ள இருக்கிறவன்ல எத்தன பேர் விருப்பத்தோட இருக்கான்னு அவங்களுக்கே தெரியாம போயிடுதே.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சரி, சின்ன அளவுல பண்றவன் என்ன செய்வான்"னு கேக்கலாம், நியாயமான கேள்வி. தாராளமா ரீஃபண்ட் குடுத்தா ஒரே மாசத்துல கைய விரிக்க வேண்டியதுதான். சின்னவங்களுக்கு நான் சொல்றது, வாக்க கம்மியா குடுங்க. முடியாத தேதிய சொல்லாதீங்க. செவ்வாக்கிழமை முடியும்னு தோணுனா வியாழன்னு சொல்லுங்க, புதன்ல குடுங்க. தாமதம் ஆகப்போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச அந்த நிமிஷமே போன் பண்ணுங்க, கஸ்டமர் கூப்பிட்டு கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. இதுக்கு ஒரு காசும் ஆகாது, கொஞ்சம் கூச்சம் மட்டும்தான் போகும். ஆனா இதக்கூட முக்காவாசிப் பேர் செய்யறதில்ல, போன கவுத்துப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. எல்லா கஸ்டமரும் நியாயமானவங்கன்னு சொல்ல மாட்டேன். ரீஃபண்ட தொழிலாவே வச்சிருக்கிறவங்க இருக்காங்க, ஸ்டாஃப அசிங்கமா பேசுறவங்க இருக்காங்க. அப்படிப்பட்டவங்கள மரியாதையா வேற இடம் பார்க்கச் சொல்றதும் நல்ல சர்வீஸ்ல சேர்த்திதான்னு நினைக்கிறேன், ஏன்னா அதப் பார்த்துட்டு இருக்குற உங்க ஸ்டாஃப் மறுநாள் அடுத்த கஸ்டமர்கிட்ட சிரிச்சுப் பேசுவாங்க.

நேர்மை ஒண்ணே போதும்னும் நான் சொல்லல. ஜப்பான்ல கோங்கோ குமின்னு கோயில் கட்டுற கம்பெனி, கி.பி. 578ல ஆரம்பிச்சதா சொல்றாங்க, 1,400 வருஷத்துக்கு மேல நடந்துச்சு. கட்டுன வேலைய யாரும் குறை சொல்லல. நிலம் விலை கண்டபடி ஏறுன 1980கள்ல கடன் வாங்கி நிலத்துல போட்டாங்க, விலை சரிஞ்சதும் கடன் கழுத்த நெரிச்சுச்சு, 2006ல இன்னொரு கட்டுமானக் கம்பெனிக்குக் கீழ போயிட்டாங்க. பேர் நல்லா இருந்தாலும் கடன்காரன் வட்டிய விட மாட்டான்.

அதனால சொந்தமா தொழில் பண்றவங்க இந்த வாரம் ஒரு வேலை செஞ்சு பாருங்க. வேற போன்ல இருந்து உங்க கம்பெனி நம்பருக்கே கூப்பிட்டு வாங்கினத திருப்பிக் குடுக்கணும்னு சொல்லுங்க. எத்தன பேர்கிட்ட அதே கதைய திரும்பச் சொல்ல வேண்டியிருக்குன்னு எண்ணுங்க. கடைசியா உங்களுக்கு உதவுனாரே ஒருத்தர், அப்படி உதவுனதால அவரோட இந்த மாச இன்சென்டிவ்ல எவ்ளோ குறையும்னு அப்புறமா நேர்ல போய் அவர்கிட்டயே கேளுங்க.