புளியரை வளைவில் பெரியம்மா கேட்டது

கார்த்திகையில் ஆரியங்காவு சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு பெரியம்மாவும் நானும் செங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கும்பிட்டது அவர், நான் துணைக்குப் போனவள். புளியரை வளைவில் ஒரு லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது கேட்டார்: "ஏட்டி, சாமி இல்லங்குற. சரி, அது உன் பாடு. பிள்ளைக்கு நல்லது கெட்டத எத வச்சு சொல்லிக் குடுப்ப?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. என் மகள்மேல் உள்ள அக்கறையில் கேட்டார். பஸ்ஸில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. ஒரு மாதமாக மனசுக்குள் அதே கேள்விதான் ஓடுகிறது.

தமிழ்நாடு, கேரள எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் சீக்கிரமே வரும். லாட்டரிச் சீட்டு விற்பது 2003 முதல் இந்தப் பக்கம் குற்றம். மலை தாண்டினால் அரசாங்கமே அச்சடித்து விற்கிறது. அங்கே ஒரு காலத்தில் பல வீடுகளில் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. இங்கே அப்படி இல்லை. அப்போ நல்லது கெட்டதும் ஊருக்கு ஊர் மாறுகிற வழக்கம்தானே என்று தோன்றும். சாமியும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் மாறாதவையும் உண்டு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி கொடகநல்லூர் பக்கம் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட, கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிப்போயின. அது தப்பு என்று சொல்ல இரண்டு பக்கத்தாருக்கும் தனித்தனி வேதம் வேண்டியிருக்கவில்லை.

இன்னும் பழைய கதை ஒன்று, எங்கள் வீட்டுக் கதை. செங்கோட்டை 1956 வரை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூரோடு, பின்னால் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எங்கள் பூட்டி, அதாவது பெரியம்மாவின் பாட்டி, தேங்காய் பழத்தைக் கோவிலுக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே விளக்கு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துத் திரும்பியவள். எல்லாச் சாதியினரும் கோவிலுக்குள் போகலாம் என்று 1936 நவம்பர் 12-இல் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். பூட்டி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவளைத் தடுத்தவர்கள் சாமி கட்டளை என்றுதான் தடுத்தார்கள். உண்மையாகவே நம்பித்தான் தடுத்தார்கள். சாமி கட்டளை என்பதே ஒன்றைச் சரியாக்கிவிடும் என்றால், அவளை வெளியே நிறுத்தியதும் சரி என்று ஆகிவிடும். பெரியம்மாவே இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "எந்தச் சாமி அப்படிச் சொல்லும், எல்லாம் மனுசன் கட்டிவிட்டது" என்பார். அப்படிச் சொல்லும்போதே, சாமி எதைச் சொல்லியிருக்கும், எதைச் சொல்லியிருக்காது என்று பிரிக்க அவர் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார். நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

1924-இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோவிலுக்குள் போவதற்காகக்கூட இல்லை, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடப்பதற்காக. பின்னாளில் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்ன பெரியார் அதற்காக இரண்டு முறை சிறைக்குப் போனார். ராமநாமம் சொன்ன காந்தி 1925-இல் நேரில் வந்து பேசினார். சாமி விஷயத்தில் இருவருக்கும் ஒட்டவே ஒட்டாது. தெரு விஷயத்தில் ஒரே தப்பைத்தான் பார்த்தார்கள், ஏனென்றால் தப்பு அந்தத் தெருவில் கிடந்தது.

அப்புறம் எங்கள் மாமா. பெரியம்மாவின் கடைசித் தம்பி, கறுப்புச் சட்டைக்காரர். புனலூரில் லாட்டரி விற்றார். வழக்கமாக வாங்குகிற மர மில் தொழிலாளி ஒருவர், ஒரு சீட்டு எடுத்து வைக்கும்படியும் காசு நாளைக்குத் தருவதாகவும் போனில் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டுக்கு ஒரு லட்சம் விழுந்தது. சீட்டு மாமா கையில், காசு வரவில்லை, சாட்சி கிடையாது. அன்று ராத்திரியே பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அத்தை திட்டித் தீர்த்தபோது அவர் சொன்னது ஒரே வரி: "அது அவரு சீட்டுல்லா."

இந்தக் கதையைப் பெரியம்மா எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "அவன் மனசுக்குள்ள சாமி இருக்கு, அவனுக்குத்தான் தெரியல" என்று முடிப்பார். நான் அதை லேசாகத் தள்ளவில்லை. மனசாட்சியைக் கொடுத்தது சாமி என்றே வைத்துக்கொள்வோம். கண்ணைக் கொடுத்தது யார் என்பது ஒரு கேள்வி. கண் பார்க்கிற மலை அங்கே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சீட்டு அந்தத் தொழிலாளியுடையது, அமுக்கிக்கொண்டால் அவர் ஏமாற்றப்படுவார் என்பதெல்லாம் மாமாவின் தலைக்கு வெளியே இருந்த விஷயங்கள்.

நண்பர் ஒருவர் இதில் ஒரு முடிச்சுப் போட்டார். "அடுத்தவனுக்குக் கெடுதல் வரும் என்பது உண்மை. அதனால் நீ செய்யக் கூடாது என்பது அந்த உண்மையில் எங்கே இருக்கிறது?" 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுப்பிய கேள்வி இது. சில நாள் என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது எனக்குப் படுவது இதுதான். என் வாசலில் ஒருவர் குப்பையைக் கொட்டினால் "அள்ளிட்டுப் போங்க" என்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்பதோடு நான் நிற்கவில்லை. எனக்கு வருகிற கெடுதல், அவர் அள்ளுவதற்குப் போதுமான காரணம் என்கிறேன். அப்படியானால் அவர் வாசலில் என் குப்பை கிடக்கும்போதும் அதே காரணம் அங்கே இருக்கிறது. என் கெடுதல் மட்டும் கணக்கில் வரும், அவருடையது வராது என்றால் நான் ஒரு வித்தியாசம் காட்ட வேண்டும். சாதி, மதம், மொழி, மலைக்கு அந்தப் பக்கம் என்று காலங்காலமாகக் காட்டிப் பார்த்தாயிற்று. எதைக் காட்டியும் அடுத்தவரின் வலி குறையவில்லை. ஏற்க மாட்டேன் என்பவரை இந்த நியாயம் கட்டிப்போடாது, வாஸ்தவம். சாமி பயமும் எல்லோரையும் கட்டிப்போட்டதில்லை.

இது வெளியூர்ச் சரக்கும் இல்லை. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியைத் தன் ஊராகக் கொண்டவன் என்று சொல்லப்படுகிற சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனைப் புறநானூற்றில் பாடிய முடமோசியார், மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற 'அறவிலை வணிகன்' இவன் இல்லை என்கிறார். சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறானாம். மறுமை கிடையாது என்று அவர் சொல்லவில்லை. கொடுப்பதற்கு அது காரணம் இல்லை என்கிறார், எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை, பெரியம்மா. பூட்டி இப்போது சாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்று உங்களால் நம்ப முடிகிறது. நான் அவளுக்கு அப்படி எதையும் கொடுக்க முடியவில்லை. அவளுக்கு நடந்தது தப்பு, தடுத்தவர்கள் நம்பியபோதும் தப்பாகவே இருந்தது என்று மகளிடம் சொல்ல முடிகிறது. தேங்காயை அவள் வைத்துவிட்டுப் போன அந்த வாசலை அடுத்த மாதம் பிள்ளைக்குக் காட்டப் போகிறேன். நீங்களும் வாங்க.