லோடாஷ் இருக்கும்போது இது எதற்கு?

போன ஞாயிறு கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பெண் பாண்டிச்சேரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய்வருகிற நேரத்தில் யோசித்து யோசித்து, ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழியில் சின்னச் சின்னதாக 34 ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து தரும் குட்டி நிரல்) எழுதி, எல்லாரும் கோடைப் பகிர்ந்துகொள்கிற கிட்ஹப் தளத்தில் போட்டிருக்கிறாள். சராசரி எடுப்பது, வரிசைப்படுத்துவது, ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் நீக்குவது, இப்படி. அதை ஆசையாகக் காட்டியதற்கு அங்கே ஒருவர், "லோடாஷ் இருக்கும்போது இது எதற்கு? உருப்படியா வேற ஏதாவது பண்ணு" என்று சொல்லிவிட்டாராம். லோடாஷ் என்பது இந்த மாதிரி ஃபங்ஷன்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஆயத்தமாக எழுதிவைத்த தொகுப்பு, அதாவது லைப்ரரி.

"எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா மாமா?" என்று கேட்டாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

லோடாஷ் 2012இல் வந்தது. அதற்கு முன்னோடி 2009இல் வந்த அண்டர்ஸ்கோர். அருமையான லைப்ரரிகள், ஆபீஸ் வேலைக்கு நானே எடுத்துக்கொள்வேன். ஆனால் இந்தப் பெண் லோடாஷுக்குப் போட்டியாகக் கடை விரிக்கவில்லையே! கற்றுக்கொள்கிறாள். கோலம் போடப் பழகுகிற பிள்ளையிடம் போய் ஸ்டிக்கர் கோலம் கடையில் கிடைக்கிறதே என்று யாராவது சொல்வோமா?

அவள் எழுதியதைத் திறந்து பார்த்தேன். துறைமுகத்து மீன் விலையை வைத்துச் சோதித்திருக்கிறாள். 80, 250, 1200. வரிசைப்படுத்த ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிற சார்ட் ஃபங்ஷனை அப்படியே கூப்பிட்டால் 1200, 250, 80 என்று வரும். எண்களை எழுத்தாக மாற்றி, முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் காரணம். "அரை நாள் மண்டையை உடைச்சிக்கிட்டேன் மாமா" என்றாள். அந்த அரை நாள் எந்த வகுப்பிலும் கிடைக்காது. காலி பட்டியலுக்குச் சராசரி கேட்டால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து NaN (Not a Number, 'எண் அல்ல') வந்து நிற்கும், அது தனக்கே சமமில்லாத மதிப்பு. அங்கே பூஜ்யம் தருவதா, எர்ரர் தருவதா? இதை அவளே உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறாள். இப்போது ஏஐயிடம் கேட்டால் 34 ஃபங்ஷனும் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும்தான். இந்த முடிவை எடுத்த அனுபவம் அதோடு சேர்ந்து வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துக் கோவையை, பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போடுகிற ஃபங்ஷன். ஆங்கில வார்த்தையில் சரியாக ஓடியது. 'கடலூர்' என்று அடித்துப் பார் என்றேன். முன்னால் ஒரு புள்ளி எழுத்தில்லாமல் அந்தரத்தில் தொங்க, பின்னால் 'ரூலடக' என்று வந்தது. லூவின் கால் கழன்று ரகரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நீளம் கேட்டால் 6 என்கிறது. நமக்கோ க, ட, லூ, ர் என்று நாலே எழுத்து. எழுத்துகளைக் கணினியில் குறிக்கிற யூனிகோட் முறையில் துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பது அந்தத் திரையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய எத்தனையோ மென்பொருள் இங்கேதான் நம் மொழியைச் சிதைக்கிறது. அதைச் சரிசெய்ய நம் பிள்ளைகள்தானே வர வேண்டும்?

இன்னொன்று. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்கிற 11 வரி கோடை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து அதை எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய பில்ட் (மென்பொருளைத் தொகுத்துத் தயார்செய்கிற வேலை) நின்றுபோனது. ஸ்ட்ரிங்குக்கு இடப்பக்கம் இட்டு நிரப்புகிற வேலை, அவ்வளவுதான். அதைக்கூடக் கையால் எழுதாமல் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அழிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துப் பிரிப்பதற்கென்றே இருக்கிற இன்ட்ல் செக்மென்டரை (Intl.Segmenter) வைத்து எழுத்து எழுத்தாகப் பிரித்துத் திருப்பியிருக்கிறாள். 'ர்லூடக'. சரியாக வந்திருக்கிறது. கீழேயே ஒரு கேள்வி: "மாமா, லக்ஷ்மின்னு போட்டா க்ஷ ரெண்டா உடையுதே, அது ஒரே எழுத்துதானே?"

இந்த வாரம் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம்.