புயல் கரை கடந்தால் மண்சரிவு அபாயம் முடிந்துவிடுமா?

"புயல் திருகோணமலையில் கரை கடந்துவிட்டது, மலையகத்துக்கு இனி ஆபத்தில்லை, லயன்களுக்குத் திரும்பலாம்" என்று ஒரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

கரை கடப்பது புயலின் மையம் மட்டுமே. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்துகொண்டிருக்கும்வரை மழை தொடரும். ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்ளும். சரி, மழை விட்டு வெயில் அடித்தாலும், மண்ணுக்குள் இறங்கிய நீர் உடனே வடியாது. ஊறிய சரிவு அதற்குப் பிறகும் சரியலாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை சரிந்ததற்குக் கரை கடந்த புயல் எதுவும் காரணமில்லை, நாள்கணக்கில் பெய்த மழைதான்.

புயல் அறிவிப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். முன்னது நீங்கினாலும் பின்னது பிரதேச செயலகப் பிரிவுவாரியாக நீடிக்கலாம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. சிவப்பு என்றால் வெளியேறியே ஆக வேண்டும். உங்கள் பிரிவின் நிலை தெரியாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் கேளுங்கள்.

அந்தச் செய்தியை மேலே அனுப்பாதீர்கள். தோட்டக் குழுவில் யாராவது போட்டிருந்தால் சண்டை வேண்டாம், இதைக் கீழே போட்டால் போதும். அப்புறம், சுவரில் புது வெடிப்போ ஊற்றில் திடீர்க் கலங்கலோ தெரிந்தால் எச்சரிக்கையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.