அந்தக் கேட்சோடு ஆட்டம் முடியவில்லை

பேஸ்பால் வீரர் வில்லி மேஸ் மறைவையொட்டி (2024 ஜூன் 18, வயது 93) எழுதிய ஒருவர், 1954 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன்ஷிப் தொடர்) முதல் ஆட்டத்தில் அவர் பிடித்த கேட்ச்தான் கடைசி அவுட், அதோடு அவருடைய அணி நியூயார்க் ஜயண்ட்ஸ் ஜெயித்துவிட்டது என்கிறார். அப்படி இல்லை.

அது 8-வது இன்னிங்ஸ். ஸ்கோர் 2-2, ஒரு அவுட்கூட விழவில்லை. எதிரணி கிளீவ்லாந்தின் டோபி இரண்டாவது பேஸில் (ஓடுபவர் தொட்டு நிற்கும் தளம்), ரோசன் முதல் பேஸில். விக் வெர்ட்ஸ் அடித்த பந்தை மேஸ் அடித்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாக வந்ததை வாங்கினார். (அவருடைய வழக்கமான இடுப்பருகே ஏந்தும் கேட்ச் வேறு, இது வேறு. இரண்டையும் பலர் குழப்புகிறார்கள்.)

என்னைக் கேட்டால், கேட்சைவிட எறிதான் பெரிது. அவ்வளவு ஆழத்தில் பிடித்த பந்துக்கு இரண்டாவது பேஸில் இருப்பவர் ஹோம் பிளேட் வரைக்கும் ஓடி ரன் எடுத்துவிட வாய்ப்புண்டு. மேஸ் பிடித்த வேகத்திலேயே சுழன்று, தொப்பி கழன்று விழ எறிந்ததால் டோபி மூன்றாவது பேஸோடு நின்றார். ரோசன் நகரவேயில்லை. பிறகு ஒரு வாக்கால் (அடிக்காமலே முதல் பேஸ் கிடைப்பது) பேஸ்கள் நிரம்பியும் கிளீவ்லாந்துக்கு ரன் வரவில்லை.

வெற்றி வந்தது 10-வது இன்னிங்ஸில், டஸ்டி ரோட்ஸின் மூன்று ரன் ஹோம் ரன்னால் (பந்து வேலியைத் தாண்டும் அடி), 5-2. ஆட்டம் நடந்த போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் வலது கோட்டோரம் வேலி 258 அடிதான். நடுவே 480 அடிக்கும் மேல். ரோட்ஸின் அடியைவிட வெர்ட்ஸின் அடி எவ்வளவோ நீளம், பாவம்.