வண்டலூர் ஜூவுல ஒரு ஹிஸ்டரி கிளாஸ்

அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா. ஹிஸ்டரின்னா அவளுக்கு வருஷத்த மனப்பாடம் பண்றது, அவ்ளோதான். போன ஞாயித்துக்கிழமை வண்டலூர் கூட்டிட்டுப் போனேன், வெள்ளைப்புலி முன்னாடி செல்ஃபி எல்லாம் எடுத்து முடிச்சிட்டு "இந்த ஜூவ யாரு மாமா ஆரம்பிச்சது"ன்னு கேட்டா, அப்படியே புடிச்சுக்கிட்டேன்.

1855. எழும்பூர் மியூசியத்துக்குப் பொறுப்பா இருந்த எட்வர்ட் பால்ஃபர்ங்கிற மிலிட்டரி டாக்டர் ஆர்க்காட்டு நவாப்கிட்ட பேசி அவரு வளத்த மிருகங்கள வாங்கி மியூசியம் வளாகத்துலயே ஆரம்பிச்சதுதான் இந்த ஜூ. அதே வருஷம் நவாப் இறந்துட்டாரு, வாரிசு இல்லன்னு சொல்லி கம்பெனிக்காரன் அந்தப் பதவியையே ஒழிச்சிட்டான். இத வாரிசு இழப்புக் கொள்கைன்னு ரெண்டு வரில படிச்சா எந்தப் புள்ளைக்கு நிக்கும்? மிருகத்தையும் குடுத்து நாட்டையும் விட்டாரான்னு கேட்டா அவ.

அப்புறம் ஜூ சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போச்சு, அங்க நடந்தத சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சு சொல்லிட்டேன். 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான், விசாகப்பட்டினம் காக்கிநாடாலயும் போட்டான், மெட்ராஸே காலியாச்சு, கிடைச்ச ரயில புடிச்சு ஜனங்க ஊருக்கு ஓடுனாங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா புலியும் சிங்கமும் தெருவுக்கு வந்துரும்னு பயந்து சிங்கம் புலி சிறுத்தை கரடின்னு சுட்டுக் கொன்னுட்டாங்க. கொஞ்ச நேரம் அவ ஒண்ணும் பேசல. அப்புறம் "ஸ்டேஷன் பக்கத்துலதான மாமா இருந்துச்சு, அதுங்களயும் ரயில்ல ஏத்தி விட்டுருக்கலாம்ல"ன்னா. எனக்குப் பதில் வரல. ராத்திரி அவளே அம்மா போன வாங்கி ஜப்பான் எதுக்கு இவ்ளோ தூரம் வந்துச்சுன்னு தேடிப் படிச்சிட்டு இருந்தா.

இதத்தான் சொல்றேன். டீச்சர்ஸ் யாராச்சும் படிச்சா தயவுசெஞ்சு கேளுங்க, ஜூ டூர்னா தலை எண்ணி பஸ்ல ஏத்தி மதியம் லெமன் சாதம் குடுத்து கூட்டிட்டு வர்றதோட நிறுத்தாதீங்க. சிவிங்கிப்புலி, அதான் சீட்டா, அந்தக் கதை ஒண்ணு போதும்: 1947ல கொரியான்னு இப்போ சத்தீஸ்கர்ல இருக்குற ஒரு சமஸ்தானத்து மகாராஜா ஒரே ராத்திரில மூணு சுட்டாரு, 1952ல நாட்டுலயே அந்த இனம் இல்லன்னு அரசாங்கமே சொல்லிருச்சு, 1972ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு, 2022ல நமீபியால இருந்து எட்டு கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துல குனோ காட்டுல விட்டாங்க. ராஜாவுக்குப் பெருமையா இருந்த வேட்டை இருபத்தஞ்சே வருஷத்துல ஜெயில் தண்டனை குடுக்குற குத்தமா ஆயிருக்கு, சமஸ்தானம் போய் சட்டம் வந்த கதைய இதவிட எப்படிங்க ஒரு புள்ளைக்கு சொல்றது?

அடுத்த ஞாயிறு எழும்பூர் மியூசியம். நவாப் மிருகமெல்லாம் எந்த இடத்துல நின்னுச்சுன்னு காட்டணுமாம்.