லெட்டர்ஹெட் மாற்றினால் போதாது

அமெரிக்கக் கட்டுமான கான்ட்ராக்டர்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஒரே முதலாளி யூனியன் வேலைக்கு ஒரு கம்பெனி, யூனியன் இல்லாத வேலைக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அமெரிக்காவில் 'டபுள் பிரெஸ்டிங்' எனப்படும் இந்த ஏற்பாடு சட்டப்படி செல்லும், சரி. ஆனால் தகராறு வந்தால், இரண்டும் உண்மையில் ஒரே கம்பெனிதானா என்று தீர்மானிக்க தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நான்கைப் பார்க்கும்: உரிமை யாருடையது, நிர்வாகம் யார், வேலைகள் எவ்வளவு கலந்திருக்கின்றன, முக்கியமாக ஆள் எடுப்பதும் கூலி நிர்ணயிப்பதும் யார் கையில். முதலாளி ஒருவரே என்பது மட்டும் தப்பில்லை. நான் கணக்கு எழுதும் சின்ன கான்ட்ராக்டர்கள் சறுக்குவது மற்றவற்றில். காலையில் ஒரு கம்பெனியின் சைட்டில் நிற்கும் ஃபோர்மேன் மதியம் மற்ற கம்பெனியின் சைட்டில் நிற்பார். கிரேன் போய் வரும், வாடகை பில் மட்டும் இருக்காது!

கட்டுரை தொடாத இடம் பென்ஷன். பல முதலாளிகள் சேர்ந்த பென்ஷன் நிதிக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு, ஐந்து ஆண்டுக்குள் அதே பகுதியில் அதே வேலையைத் திரும்ப எடுத்தால், 1980-ம் ஆண்டுச் சட்டப்படி விலகல் தொகை, அதாவது நிதியை விட்டு விலகியதற்காகக் கட்ட வேண்டிய பணம், தலையில் விழலாம். ஒரே உரிமையின் கீழுள்ள கம்பெனிகளை அங்கே ஒரே முதலாளியாகத்தான் எண்ணுவார்கள்.

அப்புறம், 2,000 டாலருக்கு மேற்பட்ட ஃபெடரல் கட்டுமான ஒப்பந்தங்களில் டேவிஸ்-பேக்கன் சட்டப்படியான கூலி, அதாவது அந்தப் பகுதியில் நிலவும் கூலி, யூனியன் இல்லாதவருக்கும் உண்டு. அந்த வேலைகளுக்காக இரண்டாவது கம்பெனி தொடங்கினால் நினைத்த அளவு மிச்சமாகாது.