விபரீதம் நடக்காததால் மறந்துபோன பயணம்

அண்டார்க்டிகா என்றாலே ஸ்காட், அமுண்ட்சென், ஷாக்கிள்டன் என்று வரிசையாகச் சொல்வோம். ஒருவர் திரும்பும் வழியில் செத்தார், ஒருவர் துருவத்தை முதலில் தொட்டார், ஒருவர் கப்பல் நொறுங்கியும் ஆட்களைக் கரைசேர்த்தார். அதே காலத்தில் அங்கே போன ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ஸ்பியர்ஸ் புரூஸைப் பலருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அந்த வரிசையில் முதலில் வரவேண்டியவர் அவர்தான்.

1902-இல் ஸ்கோஷியா என்ற கப்பலில் கிளம்பினார். பணம் கொடுத்தது நூல்கண்டு விற்றுப் பணக்காரர்களான கோட்ஸ் குடும்பம் (ஆமாம், மதுரா கோட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே கோட்ஸ்தான்). தென்துருவத்தைத் தொடுவது அவருடைய திட்டத்திலேயே இல்லை. கடலின் ஆழம் அளக்கவேண்டும், அடியில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கவேண்டும், வானிலையைப் பதியவேண்டும். அவ்வளவுதான். 1843-இல் ஜேம்ஸ் ராஸ் என்ற பிரிட்டிஷ் கடலோடி, அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் ஏழாயிரம் மீட்டருக்குமேல் கயிறு விட்டும் தரை தட்டவில்லை என்று எழுதிவைத்திருந்தார். புரூஸ் அதே இடத்தில் அளந்தார். ஐயாயிரம் மீட்டர்கூட இல்லை. அறுபது வருடமாக வரைபடத்தில் இருந்த பள்ளம் காணாமல் போனது.

ஆனால் அவர் செய்ததில் பெரியது வேறு. 1903-இல் அண்டார்க்டிகாவுக்கு அருகே உள்ள தெற்கு ஓர்க்னி தீவுக்கூட்டத்தின் லாரி தீவில் கப்பல் பனியில் சிக்கிக்கொண்டபோது, கரையில் கல்லடுக்கி ஒரு வீடு கட்டி வானிலை நிலையம் தொடங்கினார்கள். கிளம்பும் நேரத்தில் அதை மூடிவிட அவருக்கு மனமில்லை. பிரிட்டன் அக்கறை காட்டவில்லை. சரி என்று அர்ஜென்டினாவிடம் கேட்டார், 1904-இல் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஓர்காடாஸ் என்ற பெயரில் இன்றும் அந்த நிலையம் இயங்குகிறது. அண்டார்க்டிகா பகுதியில் இவ்வளவு நீண்ட தொடர்ச்சியான வெப்பநிலைப் பதிவு வேறெங்கும் கிடையாது. மற்ற நிலையங்களில் பெரும்பாலானவை 1940, 50-களுக்குப் பிறகு வந்தவை. அந்தப் பகுதி சூடாகிறதா என்று இன்று யாராவது கேட்டால், முதல் நாற்பது வருடத்துக்குப் பதில் சொல்ல இருப்பது அந்த ஒரு தீவின் வெப்பமானிதான்.

இதை வைத்து யாரும் சினிமா எடுக்கமாட்டார்கள். குளிரில் நடுங்கியபடி தினமும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஆளைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? அந்தப் பயணத்தில் இன்று கொஞ்சம் பிரபலமாக இருப்பதே ஒரு புகைப்படம்தான். பெங்குவின் முன்னால் ஒருவர் ஸ்காட்லாந்து பேக்பைப் வாசிக்கிறார், அது கண்டுகொள்ளாமல் நிற்கிறது.

லண்டனிலும் மரியாதை இல்லை. ராயல் புவியியல் சங்கத்தில் செல்வாக்கோடு இருந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம், ஸ்காட்டுக்குப் போட்டியாகக் கிளம்புகிறார் என்று இவர்மேல் கடுப்பில் இருந்தார். துருவப் பயணிகளுக்கு பிரிட்டிஷ் அரசர் தரும் துருவப் பதக்கம் ஸ்காட்டின் ஆட்களுக்குக் கிடைத்தது, ஸ்கோஷியாவில் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. புரூஸும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்காட்லாந்து, ஸ்காட்லாந்து என்று கொடி பிடித்தவர், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர், தன்னை விற்கவும் தெரியாதவர். பதக்கத்துக்காகப் பல வருடம் மல்லுக்கட்டினார். 1921-இல் இறக்கும்வரை அது வரவே இல்லை.

பயணத்தின் அறிவியல் அறிக்கைகள் தொகுதி தொகுதியாக அச்சானதில், பணம் போதாமல் விட்டுப்போனது பயணக் கதையைச் சொல்லும் முதல் தொகுதிதான். அவருடைய அந்தக் கப்பல் குறிப்பேடு 1992-இல்தான் வெளிவந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் அச்சடித்திருப்பார்கள்.